வாரிசு என்று எழுதாதீர்கள்

தெள்ளாரிலும் சுற்றுப்பட்டு ஊர்களிலும் ஆரணிப் பட்டுக்குத் தறி ஓட்டும் குடும்பத்துப் பெரியவர்களுக்கு ஒரு திறந்த மடல்



பத்திரம் எழுதியே வயிறு வளர்த்தவன் நான். முதலில் மைப் பேனா, பிறகு தட்டச்சு, கடைசிக் காலத்தில் பேரனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு கம்ப்யூட்டர். கிரயம், அடமானம், தான செட்டில்மெண்ட், பாகப்பிரிவினை என்று எழுதியவற்றுக்குக் கணக்கே இல்லை. உயில்கள் குறைவு. ஆனால் என் தூக்கத்தைக் கெடுத்தவை அந்தக் குறைவானவைதாம். கிரயப் பத்திரத்தில் பிழை விழுந்தால் எழுதிக்கொடுத்தவர் உயிரோடு இருப்பார். பிழைதிருத்தல் பத்திரம் போட்டுச் சரிசெய்துகொள்ளலாம். உயிலில் விழுந்த பிழை தெரியவரும் நாளில், 'நீங்கள் நினைத்தது என்ன?' என்று கேட்க ஆள் இருக்க மாட்டார்.

நான் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு முதியவர் வந்தார். குழித்தறி நான்கு, ஓட்டு வீடு ஒன்று, ஏரிப் பாசனத்தில் அறுபது சென்ட் நஞ்சை. எல்லாம் அவரே சம்பாதித்தது. மனைவி, இரண்டு மகன்கள், கட்டிக்கொடுத்த இரண்டு மகள்கள். இவர்களோடு தகப்பனை இழந்து வந்து சேர்ந்த தம்பி மகன் ஒருவன். பத்து வயதில் பெரியப்பா பக்கத்தில் உட்கார்ந்து கோர்வைக்குக் கரை நாடா போட்டவன். பெரியவருக்குக் கண் மங்கியபின் அந்த நான்கு தறியையும் ஓட வைத்தவன். "எல்லாத்தையும் என் வாரிசுங்க சமமா எடுத்துக்கட்டும், எழுதுப்பா" என்றார் பெரியவர். அவர் மனத்தில் வாரிசு என்றால் அந்த மூன்று பையன்கள். எனக்கும் அது தெரியும். அரை நாள் திண்ணையில் அதைத்தானே பேசிக்கொண்டிருந்தோம். இருந்தும் அவர் வாயில் வந்த சொல்லையே எழுதினேன், பெயர்களை எழுதவில்லை. 'என் வாரிசுகள் சமபாகமாய் அடைந்து சர்வ சுதந்திர பாத்தியமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது.' வாக்கியம் நன்றாக விழுந்துவிட்டதே என்று எனக்குக் கொஞ்சம் பெருமைகூட.

அவர் போனபிறகு வழக்கு வந்தது. 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின்படி அவருடைய முதல் வகுப்பு வாரிசுகள் மனைவி, இரு மகன்கள், இரு மகள்கள். தம்பி மகன் இரண்டாம் வகுப்பில் இருக்கிறான், அதிலும் நான்காம் படியில். முதல் வகுப்பில் ஒருவர் உயிரோடு இருந்தாலும் இரண்டாம் வகுப்புப் பட்டியலைத் திறக்கவே வேண்டாம். மகள்களுக்கும் மனைவிக்கும் பங்கு போனதில் எனக்குக் குறையில்லை, போக வேண்டியதுதான். அந்தப் பையனுக்கு ஒரு தறிகூட வரவில்லை. ஆண்டுக்கணக்கில் இழுத்து, சமரசமாகி, அவன் ஆரணிப் பக்கம் கூலிக்கு நெய்யப் போனான் என்று கேள்வி. அந்த ஒரு சொல்லை எழுதியது என் கை.

அதனால்தான் இந்த மடல். உயில் எழுதுங்கள் என்று சொல்ல வரவில்லை. அதைச் சொல்ல எத்தனையோ பேர் இருக்கிறார்கள். எழுதும்போது யாரை எந்தச் சொல்லால் குறிக்கிறீர்கள் என்று பாருங்கள் என்பதே என் வேண்டுகோள்.

வாரிசு அரபியிலிருந்து வந்த சொல். உயில், ஆங்கிலத்து வில் நம் நாக்கில் புரண்டு வந்தது. யாழ்ப்பாணத்தார் மரணசாதனம் என்கிறார்கள், கேட்கவே கொஞ்சம் நடுங்குகிறது. இரவல் வாங்கிய இரண்டு சொல்லையும் நாம் ஒன்றாகப் போட்டுக் குழப்பிவிட்டோம். சட்டத்தில் அவை எதிரும் புதிரும். உயில் இல்லாமல் ஒருவர் இறந்தால், அவர் சொத்து யாருக்கு என்று சட்டம் கைகாட்டுகிறதோ அவரே வாரிசு. உயிலில் பெயர் எழுதப்பட்டதால் பெறுகிறவருக்கு ரத்த உறவு தேவையில்லை. அவர் பக்கத்து வீட்டுக்காரராக இருக்கலாம், கோயிலாக இருக்கலாம், பள்ளிக்கூடமாக இருக்கலாம். ஒரே ஆள் இரண்டுமாக இருப்பதும் உண்டு. உங்கள் மகன் உங்கள் வாரிசுதான். ஆனால் உயில் வழியாக வீட்டைப் பெறும்போது அவர் வாரிசாகப் பெறவில்லை, நீங்கள் எழுதியதால் பெறுகிறார்.

அந்த அரபிச் சொல்லோடு வந்த சட்டம் இந்த வேறுபாட்டை நம்மைவிடக் கறாராக வைத்திருக்கிறது. வந்தவாசியிலும் சுற்றிலும் உள்ள முஸ்லிம் நண்பர்களைக் கேட்டுப் பாருங்கள். அடக்கச் செலவும் கடனும் போக மிச்சத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், வாரிசுகள் ஒப்பாமல், வசிய்யத் (உயில்) செய்ய முடியாது. சுன்னி முறைப்படி வாரிசு ஒருவருக்கு வசிய்யத் எழுதினால், எழுதியவர் இறந்தபின் மற்ற வாரிசுகள் ஒப்பினால்தான் அது நிற்கும். அங்கே வாரிசும் வசிய்யத் பெறுபவரும் வேறு வேறு வாசலில் நிற்பவர்கள்.

பொது மேடையிலும் இந்தக் குழப்பம்தான். ஜெயலலிதா 2016 டிசம்பர் 5-ல் மறைந்தபோது அரசியல் வாரிசு யார் என்று நாடே சண்டை போட்டது. சட்டத்துக்கு அந்தக் கேள்வியில் அக்கறை இல்லை. உயில் எதுவும் இல்லாததால் அண்ணன் பிள்ளைகளான தீபாவையும் தீபக்கையும் சென்னை உயர் நீதிமன்றம் 2020 மே மாதம் வாரிசுகளாக அறிவித்தது. போயஸ் தோட்டத்து வேதா நிலையம் அவர்களிடம் போனது. அவர் யாரை நினைத்திருந்தார் என்று யாருக்கும் தெரியாது. எழுதாதவர் நினைப்பைச் சட்டம் தேடிக்கொண்டு போவதில்லை.

நம் ஊர்ப் பெயரே பங்காளிச் சண்டையை நினைவுபடுத்துகிற பெயர். தெள்ளாற்றில் பாண்டியரை வென்ற மூன்றாம் நந்திவர்மனைப் பற்றி ஒரு கதை உண்டு. அரசுரிமைக்காக மாற்றாந்தாய்ப் பிள்ளைகள் அவனைக் கொல்லவே அறம் வைத்து நந்திக்கலம்பகம் பாடினார்கள், அதைக் கேட்டபடி அவன் சிதையேறினான் என்று சொல்வார்கள். கதை உண்மையோ இல்லையோ, நெடுங்காலமாக இங்கே உடன்பிறந்தாரைப் பற்றிச் சொல்லப்படும் கதை அது.

இனி, பெறுகிறவரை என்னவென்று சொல்வது? ஆங்கிலச் சட்டப் புத்தகங்களில் நிலம் பெறுபவர் டிவைஸி, பணமும் பண்டமும் பெறுபவர் லெகடீ என்று இரண்டு பெயர் இருந்தன. 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம் அந்த வம்பை விட்டுவிட்டு இரண்டுக்கும் லெகடீ என்றே வைத்துக்கொண்டது. தமிழில் சிலர் பயனாளி என்கிறார்கள். எனக்கு அது ஒட்டவில்லை. நம்மூரில் பயனாளி என்றால் தொகுப்பு வீட்டுப் பட்டியல்தான் கண்ணுக்கு வரும். உயில் வழி பெறுபவர் என்று எழுதினால் போதும். அதைவிட நல்லது பெயர், தகப்பன் பெயர், வயது, முகவரி, உங்களுக்கு என்ன உறவு. 'என் மூத்தவன்', 'என் வளர்ப்பு மகன்' என்று விட்டுவிடாதீர்கள். வளர்ப்பு என்பதற்கும் முறையான தத்து என்பதற்கும் இடையில் ஒரு முழு வழக்கே கிடக்கிறது.

எழுத்தே தேவைப்படாத காலமும் இருந்தது. சென்னை போன்ற நகரங்களுக்கு 1870-லேயே இந்து உயில்கள் சட்டம் வந்து எழுத்தும் சாட்சியும் கட்டாயமாயின. நம் பக்கத்து ஊர்களில் 1926 முடியும்வரை ஓர் இந்து வாயால் சொல்லிவிட்டுப் போனாலும் உயில்தான். 1927 ஜனவரி 1-க்குப் பின் செய்யப்படும் எந்த இந்து உயிலும் எழுத்தில் இருந்தாக வேண்டும். பொன்னூர்ப் பக்கத்துத் தமிழ்ச் சமணருக்கும் இதே விதிதான். இன்னமும் சில வீடுகளில் 'தாத்தா சாகும்போது சொன்னாரு' என்று ஆரம்பிக்கிறார்கள். நூறு வருடம் தாமதம் ஐயா.

உறவில்லாதவருக்கு எழுதலாமா என்று யாராவது தயங்கினால் பச்சையப்ப முதலியாரை நினைத்துக்கொள்ளுங்கள். துபாஷியாகச் சம்பாதித்தவர், 1794-ல் இறப்பதற்குச் சில நாள் முன்பு உயில் எழுதித் தருமங்களுக்குப் பெரும் பணம் ஒதுக்கினார். அவர் கண் மூடியபின் அந்தப் பணம் பல கைகளில் சிக்கிப் பல்லாண்டு கோர்ட்டில் கிடந்தது. அட்வகேட் ஜெனரல் ஜார்ஜ் நார்ட்டன் முயற்சி எடுத்தபின் 1842-ல் அந்தப் பணத்தில் பள்ளி திறந்தது. இன்றைய பச்சையப்பன் கல்லூரி அதிலிருந்து வளர்ந்தது. நாற்பத்தெட்டு வருடம். பெறுபவர் யார் என்று எழுதினால் மட்டும் போதாது, வாங்கிக் கொடுப்பவர் யார் என்பதும் முக்கியம் என்று எனக்கு அந்தக் கதை சொல்கிறது.

வாங்கிக் கொடுப்பவர்தான் உயிலை நிறைவேற்றுபவர், எக்ஸிக்யூட்டர். இவரை நம் ஆட்கள் சொத்துக்காரர் என்றே நினைத்துவிடுகிறார்கள். அவருக்கு வேலைதான் உண்டு. அடக்கச் செலவைக் கொடுத்து, கடனை அடைத்து, வரவேண்டியதை வசூல் செய்து, மிஞ்சியதை உயிலில் உள்ளபடி பிரித்துக் கொடுக்க வேண்டும். அதற்கு இறந்த நாளிலிருந்து ஒரு வருடம் அவகாசம். அதற்கு முன் கொடுத்தே ஆக வேண்டும் என்று யாரும் அவரைக் கட்டாயப்படுத்த முடியாது. அவர் சம்மதித்து ஒப்படைத்தால்தான் பெறுபவரின் உரிமை முழுமையாகும். பெறுபவர்களில் ஒருவரையே நிறைவேற்றுபவராகப் போடலாம், தவறில்லை. ஆனால் பங்காளிகளோடு ஏற்கெனவே முறைத்துக்கொண்டு இருப்பவரைப் போடாதீர்கள். மகளைப் போடுவதை ஏன் யாரும் யோசிப்பதில்லை என்று எனக்கு இன்றும் புரியவில்லை.

கடன் முதலில், பங்கு பிறகு. இந்த இடத்தில் நெசவாளர் வீட்டுக்கு மட்டும் உரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. தறி உங்களுடையது. தறியில் ஏற்றியிருக்கும் பாவு யாருடையது? கூலிக்கு நெய்பவர் என்றால் பட்டும் ஜரிகையும் மாஸ்டர் வீவருடையவை, அல்லது சங்கத்தினுடையவை. 'தறியும் அதில் உள்ள சாமான்களும் என் இளைய மகனுக்கு' என்று ஒருவர் எழுதச் சொன்னார். பாதிக்கு மேல் நெய்த புடவை அதில் இருந்தது. உங்களுடையது அல்லாததை உங்களால் கொடுக்க முடியாது. மாஸ்டரிடம் வாங்கிய முன்பணம் கடன்தான். தறியைப் பெறும் பிள்ளை அந்தக் கடனுக்குப் பின்னால்தான் நிற்கிறான். எவ்வளவு முன்பணம் வாங்கியிருக்கிறீர்கள் என்பதை உயிலிலோ தனித் தாளிலோ எழுதி வையுங்கள். இல்லாவிட்டால் அவர் நோட்டில் இருப்பதே கணக்கு.

பெறுபவர்களிலும் வகை உண்டு. 'தெற்குப் பார்த்த ஜக்கார்டு தறி பெரியவனுக்கு' என்பது குறிப்பிட்ட பொருளைக் கொடுப்பது. உயில் எழுதி ஐந்து வருடம் கழித்து அந்தத் தறியை நீங்களே விற்றுவிட்டால் பெரியவனுக்கு அந்த வகையில் ஒன்றுமில்லை. விற்ற பணத்தைக் கேட்க முடியாது, வேறு தறியைக் கேட்க முடியாது. 'பெரியவனுக்கு ஐம்பதாயிரம் ரூபாய்' என்பது வேறு. அது இருக்கிற சொத்திலிருந்து வரும். மூன்றாமவர், 'மேலே சொன்னவை போக மீதி எல்லாம்' என்று பெறுபவர். ஏதோ மிச்ச மீதி என்று அவரை ஏளனமாகப் பார்க்காதீர்கள். நீங்கள் எழுத மறந்த புளியமரம், உயிலுக்குப் பின் வாங்கிய மனை, பங்கு பெற வேண்டியவர் முன்னரே இறந்ததால் விழுந்த பங்கு, பெரும்பாலும் எல்லாம் அவரிடம்தான் போய்ச் சேரும். அந்த ஒரு வரி இல்லாத உயிலில், விடுபட்டவை மீண்டும் சட்டம் சொல்லும் வாரிசுகளிடம் போய்விடும்.

பெறுபவர் உங்களுக்கு முன் இறந்துவிட்டால்? பொதுவிதி, கொடுத்தது விழுந்துபோகும். ஆனால் பெறவேண்டியவர் உங்கள் மகனோ மகளோ பேரனோ ஆகி, அவருக்குப் பிள்ளைகள் இருந்து, நீங்கள் இறக்கும் நாளில் அவர்களில் ஒருவராவது உயிரோடு இருந்தால், உயில் வேறுவிதமாகச் சொல்லாதவரை அது விழாது. நான் சொன்ன தம்பி மகனுக்கு இந்தச் சலுகை கிடையாது. அவன் பெயரை எழுதும்போது, 'அவன் முந்திவிட்டால் அவன் பிள்ளைகளுக்கு' என்று சேர்த்து எழுத வேண்டும். இந்த ஒரு வாக்கியத்துக்குக் கூலி அதிகம் கேட்கிற பத்திர எழுத்தர் யாரும் இல்லை.

மனைவி விஷயத்துக்கு வருகிறேன். நம்மூர் உயில்களில் பத்துக்கு எட்டு இப்படித்தான் இருக்கும்: 'என் மனைவி ஆயுள்வரை அனுபவித்து, அவளுக்குப் பின் என் மகன்கள் அடைய வேண்டியது.' கேட்க அன்பாக இருக்கிறது. விளைவைப் பாருங்கள். அந்த அம்மா வீட்டில் இருக்கலாம், வாடகை வாங்கலாம். தனக்கு அறுவைச் சிகிச்சை என்றால்கூட அதை விற்க முடியாது. மகன்களுடைய உரிமையோ நீங்கள் இறந்த அன்றே அவர்கள் பெயரில் நின்றுவிடும். ஒரு மகன் அம்மா உயிரோடு இருக்கும்போதே இறந்தால், அந்த உரிமை அவன் பெண்டாட்டி பிள்ளைகளுக்கும் (அவனுக்குத் தாய் என்ற முறையில் அதே அம்மாவுக்கும்) போகும். இப்படி ஆயுள் மட்டும் என்று கொடுத்தது 1956 சட்டத்தின் 14-ஆம் பிரிவில் எந்த உட்பிரிவில் விழும் என்பதில் பெரிய சர்ச்சை. ஜீவனாம்ச உரிமைக்கு ஈடாகக் கொடுத்திருந்தால் அது முழு உரிமையாகிவிடும் என்று 1977-ல் துளசம்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்குப் பின் வந்த தீர்ப்புகள் ஒன்றுக்கொன்று இழுபறியாக இருப்பதால், 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றமே அதைப் பெரிய அமர்வு பார்க்கட்டும் என்றது. ஆகவே மனைவிக்கு முழுசாகக் கொடுக்க நினைத்தால் முழுசாக என்றே எழுதுங்கள். நாற்பது வருடம் தார் சுற்றிக் கொடுத்தவர் அவர்.

அடுத்தது நாமினி. வங்கியிலும் இன்சூரன்சிலும் சங்கத்துச் சேமிப்பிலும் யார் பெயரையோ நாமினி என்று எழுதிவிட்டு, 'அதான் எழுதிட்டேனே' என்கிறீர்கள். 1983-ல் உச்ச நீதிமன்றத்தில் சர்பதி தேவி வழக்கு. கணவன் இறந்தார், உயில் இல்லை, எல்.ஐ.சி. பாலிசியில் மனைவிதான் நாமினி. இறந்தவரின் தாயும் மகனும் பங்கு கேட்டார்கள். நாமினி பணத்தை வாங்கும் கை மட்டுமே, பணம் வாரிசுகளுக்கு உரியது என்று தீர்ப்பு வந்தது. 2015-ல், ஆயுள் காப்பீட்டில் பெற்றோர், வாழ்க்கைத்துணை, பிள்ளைகள் நாமினியானால் பணம் அவர்களுக்கே உரியது என்று சட்டத்தைத் திருத்தினார்கள். வங்கிப் பணத்துக்கு அந்தத் திருத்தம் பொருந்தாது. 2025 நவம்பர் 1 முதல் வங்கிக் கணக்குக்கு நான்கு நாமினிகள் வரை வைக்கலாம். நால்வர் ஆனாலும் வாங்கும் கைகள்தாம். தாசில்தார் தரும் வாரிசுச் சான்றும் அப்படியே. இன்னாருக்கு இன்னார் வாரிசு என்று அது சொல்லும். சொத்து யாருடையது என்று அது தீர்மானிக்காது. அந்தக் காகிதத்தைக் கண்ணாடி போட்டு மாட்டிவைத்த வீட்டைப் பார்த்திருக்கிறேன்.

பிதுரார்ஜித வீட்டை முழுவதும் மகனுக்கு எழுதுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் பங்கை மட்டுமே நீங்கள் எழுத முடியும். அன்று திருமணமாகாமல் இருந்த மகளுக்குத் தமிழ்நாடு 1989 மார்ச் 25-லேயே கூட்டுக்குடும்பச் சொத்தில் பிறப்புரிமை தந்தது. 2005 செப்டம்பர் 9 முதல் நாடு முழுவதும், கல்யாணம் ஆனவரோ ஆகாதவரோ, எல்லா மகள்களுக்கும் அந்த உரிமை. அந்தத் தேதியில் தகப்பன் உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்பதில்லை என்று வினீதா சர்மா வழக்கில் 2020 ஆகஸ்டில் தீர்ந்துவிட்டது. சீர் செய்து அனுப்பியாயிற்று என்பது உங்கள் கணக்கு.

சாட்சிகள் பற்றிச் சுருக்கமாக. வெள்ளைத் தாள் போதும், முத்திரைத்தாள் வேண்டாம், பதிவும் கட்டாயமில்லை. நம்மூரில் எழுதி நம்மூர் நிலத்தைக் கொடுக்கும் உயிலுக்கு, கோர்ட்டில் உயிலை மெய்ப்பிக்கும் ப்ரொபேட்டும் கட்டாயமில்லை. ஆனால் இரண்டு சாட்சிகள் நீங்கள் கையெழுத்தோ கைநாட்டோ வைத்ததைப் பார்த்திருக்க வேண்டும், அல்லது 'நான் போட்டதுதான்' என்று உங்கள் வாயால் கேட்டிருக்க வேண்டும். உங்கள் முன்னிலையில் அவர்களும் போட வேண்டும். பெறுகிறவரே சாட்சி போட்டால் கிறிஸ்தவக் குடும்பங்களில் அவருக்குக் கொடுத்தது செல்லாது. இந்துக்களுக்கு அந்தப் பிரிவு பொருந்தாது என்றாலும், பெறுகிறவர் உயில் எழுதுவதில் முன்னின்று ஓடியாடினால் கோர்ட் சந்தேகக் கண்ணோடுதான் பார்க்கும்; 1958-ல் வெங்கடாசல அய்யங்கார் வழக்கிலிருந்து அப்படித்தான். மாமனாரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து, பணம் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கிற மருமகன்களை நான் வெளியே டீ குடிக்க அனுப்பிவிடுவேன்.

பிறகு ஒரு விநோதம்: உயிலில் முன்னுக்குப் பின் முரணாக இரண்டு வாசகம் இருந்தால் பின்னால் வந்ததுதான் செல்லும். கிரயம், செட்டில்மெண்ட் போன்றவற்றில் முன்னால் உள்ளது செல்லும் என்பது பொதுவழக்கம். எனவே கடைசிப் பத்தியை எழுதும்போது அவசரப்படாதீர்கள்.

அமாவாசை அன்று தறி நிற்கும் நாளில் நான் வீட்டுத் திண்ணையில் இருப்பேன். பழைய உயில் வைத்திருப்பவர்கள் கொண்டுவாருங்கள். 'வாரிசு' என்ற சொல் எங்கே இருக்கிறது என்று சேர்ந்து பார்ப்போம். காசு வேண்டாம். புதிதாக எழுதுவதானால் வாசகம் சொல்லித் தருகிறேன். சாட்சிக்கு மட்டும் என்னைக் கூப்பிடாதீர்கள். எனக்கு எழுபத்து மூன்று வயது ஆகிறது. நீங்கள் போனபிறகு கோர்ட்டுக்கு வந்து சாட்சி சொல்ல, உங்களைவிட இருபது வயது இளையவராக இருவரைத் தேடிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் ஊரின் பழைய பத்திர எழுத்தர்